கவினின் அக்கா

டீனா வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பேச்சுதான். பிழைக்க வந்த ஊரில் கன்னடம் தெரியாமல், ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு திண்டாடும் அம்மாக்களை ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அழைத்துப்போக விவேக் நகர் சர்ச்சில் ஒரு குழு இருக்கிறது. எங்கள் ஈஜிபுரா சந்துக்கு வந்தவள் டீனா. காலேஜில் படிக்கிறாள்.

"அந்தப் பொண்ணு கன்னடம் பேசுனா கேட்டுக்கினே இருக்கலாம்" என்பாள் அம்மா. "படிச்சவ படிச்சவதான்."

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அம்மா வீட்டு வேலைக்குப் போனால் கவினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. தம்பிக்கு ஏழு வயது, பேச்சு வரவில்லை. மிரண்டால் கத்துவான். குக்கர் வெயிட்டைக் கையில் கொடுத்தால் அதைச் சுழற்றிக்கொண்டே அடங்கிவிடுவான். டீனாவுக்கு இது தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

நேற்று அவனுக்கு ஆட்டிசம் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். குறைபாடு லேசு என்று எழுதிவிட்டால் பயிற்சி மையத்தில் இலவச இடம் கிடைக்காது.

"ஆன்ட்டி, வீட்ல எப்படியோ அப்படியே சொல்லுங்க" என்று பஸ்ஸிலேயே டீனா படித்துப் படித்துச் சொன்னாள்.

அம்மா அவனுக்குப் புதுச்சட்டை போட்டு, பவுடர் பூசி, வகிடெடுத்துச் சீவியிருந்தாள். டாக்டரம்மா கன்னடத்தில் கேட்டதை டீனா தமிழில் கேட்டாள்.

"சட்டை அவனே போட்டுக்குவானா ஆன்ட்டி?"

"எல்லாம் அவனே செய்வான் கண்ணு. ரொம்ப சமத்து."

மூன்றாம் மனுஷியிடம் பெற்ற பிள்ளையைக் குறைத்துச் சொல்ல அம்மாவுக்கு வாய் வராது.

ஃபேன் சத்தத்துக்குக் கவின் மிரளத் தொடங்கினான். டீனா தோளைத் தடவினாள். தட்டிவிட்டான். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. துப்பட்டாவில் முடிந்து வைத்திருந்த வெயிட்டை எடுத்துக் கொடுத்தேன். சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டான். பார்த்தாயா என்பதுபோல் டீனாவைப் பார்த்தேன்.

"சென்னாகே இதானல்லா!" டாக்டரம்மா சிரித்தபடி பேனாவை எடுத்தார். நன்றாகத்தானே இருக்கிறான் என்கிறார்.

டீனா அவரிடம் அவசரமாக ஏதோ சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "அம்சா, அதை வாங்கிட்டு வெளிய போயிடு, ப்ளீஸ்டி. நீ இருக்கிறவரைக்கும் இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"நான் போனா அழுவான்."

"அதுக்குத்தான்டி."

என் தம்பியிடமிருந்து என்னை விரட்ட இவள் யார்? அம்மாவைப் பார்த்தேன்.

"டீனா சொல்றதச் செய்யேன்டி!"

வேறென்ன சொல்வாள். அவன் விரல்களிலிருந்து வெயிட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனேன்.

கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவளிடமும் அடங்கிவிட்டானோ என்று நெஞ்சு எரிந்தது. பிறகு அலறினான். நாற்காலி விழுந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளே ஓடத் துடித்த காலை நிறுத்திக்கொண்டு, வெயிட்டை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன்.

கதவு திறந்ததும் கவின் ஓடிவந்து என் வயிற்றில் முட்டினான். விரல்களைப் பிரித்து வெயிட்டை எடுத்துக்கொண்டான்.

"எழுதிக் கொடுத்துட்டாங்கடி. இடம் கெடைச்சிரும்" என்று அம்மா அழுதாள்.

டீனா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பல் தடம். "உன்னையும் இப்படித்தான் கடிப்பானா?"

சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினேன். பழசும் புதுசுமாக.

"யம்மா! நீ எப்படித்தான் சமாளிக்கறியோ" என்றாள்.

அதற்குள் அம்மா அவள் கையைப் பிடித்து ஊதத் தொடங்கியிருந்தாள். "வலிக்குதா கண்ணு?"

நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். பஸ்ஸில் வீடு வரும்வரை டீனாவின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்கு முன்னால் அவன் என்னை மட்டும்தான் கடித்திருக்கிறான்.