இடது காலணியின் ஐந்து அடுக்குகள்

தபால்காரிக்கு ஏழாம் வயதில் இடது இடுப்பு மூட்டின் பந்தெலும்பு இரத்த ஓட்டம் குன்றி நொறுங்கி, பின் தானாகவே வளர்ந்தது. வளர்ந்ததென்னவோ வளர்ந்தது, முழு உருண்டையாக வளரவில்லை. கால் ஒரு சென்டிமீட்டர் குட்டையாயிற்று. நடுவயதில் மூட்டு தேயக்கூடும் என்று அன்றைய மருத்துவர் சொன்ன சொல், நாற்பது ஆண்டுகளாக அவள் போகும் தெருவெல்லாம் கூடவே வந்தது.

இவ்வாண்டு வலியும் வந்துவிட்டது. மாதத்துக்கு மாதம் கூடியது. காலணி கனப்பது போலிருந்தது; கால்தான் தளர்கிறது என்று எண்ணிக்கொண்டாள். செயற்கை மூட்டு வைத்தால் முத்திரை குத்தும் மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். நானூறு வாசல்களையும் அவற்றின் நாய்களையும் விட்டுப் பிரிய அவளுக்கு மனமில்லை.

மூட்டு மருத்துவர் புதிய எக்ஸ்ரே படத்தையும் பத்தாண்டுக்கு முந்தையதையும் அருகருகே மாட்டினார். காலணி தைக்கும் கணவர் நாற்காலி விளிம்பில் மூச்சைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. மூட்டு தேயலைம்மா. எங்கே, அந்த இடது ஷூவைக் கழட்டுங்க."

அளவுகோலை வைத்துப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார்.

"குதிகாலுக்கு ஒரு சென்டிமீட்டர்தானே ஏத்தச் சொன்னோம்? இது ரெண்டரை இருக்கே. யார் தச்சது?"

கணவர் கூரையை ஆராய்ந்தார்.

"என்னங்க?" என்றாள் தபால்காரி.

"ஒருநாள் இடுப்பைத் தடவினே. கால் இன்னும் குட்டையாயிடுச்சோன்னு ஒரு தோல் ஒட்டினேன். அடுத்த மாசமும் தடவினே. அதுக்கு ஒண்ணு. இப்படியே அஞ்சு ஆயிடுச்சு."

"அன்னிக்கு லிஃப்ட் ஓடல, ஏழு மாடி ஏறினேன். யாருக்குத்தான் வலிக்காது? சொல்லக்கூடாதா?"

"பயந்துடுவியேன்னுதான்."

"நீங்க ஒட்ட ஒட்ட அவங்களுக்கு வலி, அவங்களுக்கு வலிக்க வலிக்க நீங்க ஒட்டியிருக்கீங்க," என்று மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். "அதையெல்லாம் உரிச்சிடுங்க. நல்லா நடக்கலாம். எடை ஏறாமப் பாத்துக்குங்க. மூணு வருஷம் கழிச்சுப் படம் எடுப்போம்."

"அதுக்குள்ள இவர் ஷூமேல மாடி கட்டாம இருக்கணும்."

அன்றே பட்டறையில் ஐந்து தோல்களும் உரிந்தன. மூன்றே வாரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. அத்தோல்களை எறிய அவளுக்கு மனம் வராமல், கிழிந்திருந்த தபால் பையை அவர் முன் வைத்தாள்.

"இதுல எத்தனை வேணும்னாலும் ஒட்டுங்க. இது தோள்லதானே தொங்குது."

மறுநாட்காலை, ஐந்து ஒட்டுகளோடு பை முன்னே ஆட, முதல் வீட்டு நாய் அவளைப் பார்த்து வாலையும் உடம்பையும் சேர்த்தே ஆட்டியது.