முப்பத்தைந்துக்கு மேல் சுவர் வழி

மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு லாகுனியாஸ் சோப்பு ஆலையின் வாசல், ஐம்பத்தேழு வயது யூஃப்ரோசினா ஸாராத்தேயைத் தெருவுக்கே திருப்பிக் கொடுத்தது. எதிரே இருந்த கிடங்கில் சரக்கை இறக்கிவிட்டு, பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை நேராக உள்ளே ஓட்டினாள். வாசலைத் தாண்டியதும் வண்டி தெருவைப் பார்த்து நின்றது. இறங்கி நடந்தும் பார்த்தாள். பதினோரு முறை நுழைந்தாள், பதினோரு முறையும் தெருவில்தான் நின்றாள். வண்டிக்கும் வயது நாற்பத்தொன்று என்பதால் அதற்கும் அதே கதிதான்.

காரணத்தை ஊர் உடனே கண்டுபிடித்துவிட்டது. முந்தின மாலை, தலைநகரிலிருந்து வந்த புது மேலாளர் லெயோபார்தோ கிரோகா, ‘முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இங்கே இடமில்லை’ என்று அறிவிப்பு எழுதி, எல்லார் கண்ணிலும் படட்டும் என்று வாசல் வளைவின் உள்பக்கம் அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் ஆணியடித்து மாட்டியிருந்தார். அந்தக் காலடியில் மாட்டுவதெல்லாம் வேண்டுதல் என்பது லாகுனியாஸில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். காணாமல்போன ஆடு, தள்ளிப்போன கல்யாணம் எதுவானாலும் அந்தோனியார் தட்டுவதில்லை. இதையும் தட்டவில்லை. நாற்பத்துமூன்று பேருக்கு வேலைநீக்கக் கடிதம் அடிக்கும் செலவு மிச்சம் என்று மேலாளர் மகிழ்ந்தார்.

யூஃப்ரோசினாவுக்கு அந்த ஆலைதான் எல்லாம். இருபத்தாறு வருஷமாக அங்கே வண்டி ஓட்டியவள், ஒரு பெட்டியைக்கூட நசுக்கியதில்லை. வெளியே நின்றுவிட்ட அதே வண்டியால் சந்தையில் சோள மூட்டை தூக்கிக் கொடுத்துப் பிழைத்தாலும், தினமும் ஏழு மணிக்கு வந்து ஒருமுறை நுழைந்து பார்ப்பாள், தெருவில் நிற்பாள், அழுவாள், போவாள். சுவரேறிக் குதிக்கச் சொன்னவர்களிடம், “வேலைக்குப் போறவ பேரு கூலிப்பட்டியல்ல இருக்கணும். இல்லாட்டி அது திருட்டு” என்றாள்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி மேலாளருக்கு முப்பத்தாறு பிறந்தது. கேக் பெட்டியும் கையுமாக உள்ளே நுழைந்தவர் தெருவில் நின்றார். மறுபடி நுழைந்தார், மறுபடி தெரு. கிரீம் உருகி சட்டைக் கையில் வழிந்தது. ஊரே வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது. ஏழு மணிக்கு வழக்கம்போல வந்த யூஃப்ரோசினாவிடம் மேலாளர் மெல்ல நெருங்கினார்.

“தோஞா யூஃப்ரோசினா, கோவிச்சுக்காதீங்க. உங்க வண்டியில என்னை மட்டும் தூக்கி சுவருக்கு அந்தப் பக்கம் விட்டுடுங்க.”

“உன்னை மட்டுமா? வண்டியோட இந்தத் தூக்குப் பலகையில ஆறு பேர் நிக்கலாம் மகனே. இன்னும் அஞ்சு பேர் வரட்டும், கிளம்பலாம்.”

“யாரு அஞ்சு பேரு?”

“அது உன் பட்டியல்ல யார் பேரை எழுதறேங்கிறதைப் பொறுத்தது.”

கூட்டத்தில் இருந்த, வேலை இழந்த மற்ற நாற்பத்திரண்டு பேரும் கேட்காமலே வரிசையில் நின்றுவிட்டார்கள். மேலாளர் கேக் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன்மேல் அத்தனை பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் பெயர் முதலில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் யூஃப்ரோசினா வண்டியைக் கிளப்பினாள். சுவர் உச்சிக்குப் போனதும் பக்கத்தில் நின்றவர்கள், ஊர் வழக்கப்படி, பிறந்தநாள்காரர் முகத்தைக் கேக்கில் அமுக்கினார்கள். ஏணி வைத்து உள்ளே இறங்கியவர் முதல் வேலையாக அறிவிப்பைப் பிடுங்கப் போனார். மூன்று குறடு உடைந்தது, ஆணி அசையவில்லை.

இதெல்லாம் நடந்து பத்தொன்பது வருஷமாகிறது. அறிவிப்பு வெளுத்துவிட்டாலும் வாசல் மறக்கவில்லை. வெளியே விடுவதில் அதற்குத் தகராறு இல்லை, உள்ளே விடுவதில்தான் கறார். அதனால் முப்பத்தைந்து தாண்டியவர்கள் தினமும் காலையில் ஆறு ஆறு பேராகச் சுவர் வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள், லெயோபார்தோ உட்பட. ஒருவருக்கு முப்பத்தாறு பிறந்தால் எக்காளமும் கித்தாரும் பலகையில் கூடவே ஏறும். கூலிப்பட்டியலில் இன்றும் முதல் பெயர் யூஃப்ரோசினாதான், எழுபத்தாறு வயதிலும் அவள்தான் ஓட்டுகிறாள். போன வருஷம் பொதி கட்டும் பிரிவில் இருபத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி, நரை போலத் தெரியட்டும் என்று தலையில் மாவைப் பூசிக்கொண்டு பலகையில் ஏறி நின்றாள். பலகை இம்மியும் எழும்பவில்லை. “இறங்கு கண்ணு, உனக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கு” என்றாள் யூஃப்ரோசினா. அந்தப் பெண் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மற்ற இளசுகளோடு வாசல் வழியாக நடந்து போனாள்.