ஓடக்காரிக்கு எந்த இசை

காலையில் பல் துலக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் வலது காதில் மட்டும் கேட்டது. இடது காதில் பஞ்சை அடைத்தாற்போல ஓர் இறுக்கம். தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

மனைவியிடம் சொன்னான். அவள் உடனே மருத்துவமனைக்குப் போன் போட்டாள். திடீரென்று காது அடைத்தால் தள்ளிப்போடக் கூடாது, இன்றைக்கே வாருங்கள், டாக்டர் ஒரு மணி வரை இருப்பார் என்றார்கள். அவனோ பதினொரு மணிக்கு ஆபீசில் இருந்தாக வேண்டும்.

வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனியில் இசையைத் தேர்வு செய்வது அவன் வேலை. மூன்று வருடம் எல்லோருமாக உயிரைக் கொடுத்து உருவாக்கிய விளையாட்டில், நாயகியை முதன்முதலாகக் காட்டும் டிரெய்லர் மறுநாள் மாலை வெளியாக இருந்தது. நாயகி ஐம்பது வயது ஓடக்காரி. துடுப்பைத் தவிர அவளிடம் ஆயுதம் கிடையாது. பனிமூட்டத்தில் நமக்கு முதுகைக் காட்டியபடி துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறவள், கடைசிப் பத்து நொடியில் திரும்பி முகத்தைக் காட்டுவாள். மொத்தமே எழுபது நொடி. அதற்கு மூன்று இசைகள் தயாராக இருந்தன. எது என்று அன்றைக்கு முடிவாக வேண்டும்.

"உங்க பொழப்பே காதுதானே. அதுக்காக ஒரு நாள் லீவு போடக் கூடாதா?" என்றாள் மனைவி.

"காது கேக்கலன்னு சொல்லிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போய் உக்கார்றது?"

பன்னிரண்டரைக்கெல்லாம் டாக்டரிடம் இருப்பேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

ஆபீசில் அவனைப் பாம்புச்செவி என்பார்கள். பக்கத்து அறையில் யாராவது பேனாவைத் தட்டினாலும் பதிவை நிறுத்தச் சொல்கிறவன். அன்றைக்கு எல்லோரும் தன் வலப்பக்கம் இருக்கும்படி, மேஜையின் இடது ஓரமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

முதல் இசை முரசுகளோடு வந்தது. டிரெய்லரைத் தொகுத்த எடிட்டர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டான். இவனுக்கோ போர்வைக்குள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல இருந்தது. இசைதான் சப்பென்று இருக்கிறதா, தன் காதுதான் சதி செய்கிறதா? இரண்டாவது, ஒற்றை நரம்புக் கருவி. அதன் இடைவெளியில் துடுப்பு தண்ணீரைத் தள்ளும் சத்தம் தெளிவாக வந்ததும் அவனுக்குப் போன உயிர் திரும்பிவந்தது. மூன்றாவது, ஒரு பெண்ணின் தாழ்ந்த முனகல். அது எங்கே தொடங்கியது என்றே அவனுக்குப் பிடிபடவில்லை.

டைரக்டர் அம்மாள் அவன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எது?"

எல்லோர் முகத்தையும் பார்த்தான். "முதலாவதுதான் மேடம்," என்றான்.

அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது. மணி பன்னிரண்டு. மாடிப்படியில் பாதி தூரம் இறங்கியிருப்பான், அதற்குமேல் கால் இறங்க மறுத்தது. மூன்று வருட உழைப்பை எடிட்டரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்திருக்கிறோமே என்று நினைத்தான். திரும்பி ஏறினான்.

டைரக்டர் அறையில் தனியாக இருந்தார். கதவைச் சாத்திவிட்டு, "மேடம், காலையிலேர்ந்து எனக்கு இடது காது கேக்கல. சரியாக் கேக்காமலேயே சொல்லிட்டேன்," என்றான்.

அவர் எழுந்து வந்து அவனுக்கு வலப்பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"கேட்ட காதுக்கு எது பிடிச்சுது?"

"ரெண்டாவது. அதுலதான் துடுப்புச் சத்தம் கேக்குது. முரசு அத முழுங்கிடுது."

"சரி, நாங்க மறுபடி போட்டுக் கேக்குறோம். நீங்க முதல்ல டாக்டரப் பாருங்க. இப்பவே."

டாக்டர் பரிசோதித்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே வந்தது நல்லது, ஆனால் முழுசாகத் திரும்பும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றார். வெளியே வந்து போனைப் பார்த்தால் டைரக்டரின் செய்தி. முரசை எடுத்துவிட்டார்கள். இரண்டாவதும் இல்லை. ஒரு மணி நேரம் வாதாடி, மூன்றாவதை வைத்திருக்கிறார்கள்.

அவன் காதுக்குப் பிடிபடாத அதே இசை.

மறுநாள் மாலை டிரெய்லர் வந்தது. அவன் போனைத் தன் வலது காதுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டான்; மனைவி அந்தப் பக்கமாக ஒட்டி உட்கார்ந்து பார்த்தாள். ஓடக்காரி முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தாள். துடுப்பு நின்றது. ஏதோ ஒரு குரல் இருந்தது, மிகக் கீழே, ஒரு கோடுபோல. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனைவியின் முகத்தையே பார்த்தான். ஓடக்காரி திரும்பி முகத்தைக் காட்டியபோது மனைவியின் கை அவன் தோளை இறுக்கியது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"இன்னொரு தடவ போடுங்க," என்றாள் அவள்.