சிரிக்கிற மண்டபத்தில் கல்யாணத்தை நிறுத்துவது எப்படி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் நெஞ்சில் ஊறி வந்ததல்ல. தலைநகர் பமாகோவிலிருந்து தொலைபேசியில் வந்தது.

"அக்கா, போதும் உங்க சோகம். ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க," என்றாள் என் பதிப்பாசிரியை ஹவா. "சிரிக்கச் சிரிக்க ஒரு காதல் நாவல் எழுதிக் குடுங்க. பாத்த ஒடனே ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. நடுவுல ஒரே கட்டில் இருக்கற ரூம்ல மாட்டிக்கணும். கடைசியில அவ கல்யாணத்த நிறுத்த அவன் மூச்சிரைக்க ஓடி வரணும். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! நான் இருப்பது செகு என்ற ஆற்றங்கரை ஊரில். இந்த ஊரில் அந்த மூன்றில் ஒன்றுகூட நடக்காது என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

2

தொடக்கங்கள்:

சந்தை முனையில் அவனும் அவளும் மோதிக்கொண்டார்கள். அவள் கையிலிருந்த புத்தகங்கள் சிதறி

(சந்தைக்கு எவள் புத்தகத்தோடு போகிறாள்? தலையில் கருவாட்டுக் கூடைதான் இருக்கும். அதைத் தட்டிவிட்டவனுக்குக் காதல் கிடைக்காது. ஊரே திரண்டு வந்து உதை கொடுக்கும். வரியை அடித்துவிட்டேன்.)

அவனைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால்

(ஏனென்றால்? எனக்கும் தெரியவில்லை.)

சரி, ஆட்களிடமிருந்தே தொடங்குகிறேன். மஸ்ஸாரான் கொனே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சிபிரி தெம்பெலே பள்ளியில் புவியியல் நடத்துபவன். உலகப் படத்தில் எந்த ஆற்றையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவான், கிளட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாது. முதல் நாள் வகுப்பு இது:

"பேரு?"

"சிபிரி தெம்பெலே."

"போச்சுடா! தட்டப்பயறு தின்னி வம்சமா? ஜன்னலத் தொறந்து வை. வண்டிக்குள்ள மனுசங்க மூச்சு விடணும்."

"நீ கொனே வீட்டுப் பொண்ணா? உன் தாத்தா எங்க வீட்டு அடிமையாச்சே. சாவிய வெச்சிட்டுப் போய் என் சட்டையத் தொவ, போ."

ஹவா படித்துவிட்டுக் குதித்தாள். "அக்கா, என்னா சண்டை! என்னா சண்டை!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பமாகோவில் வாடகைக்குக் குளிர்சாதன அறை கிடைத்ததும் இந்தப் பெண்ணுக்கு எல்லாம் மறந்துவிட்டது. கொனேக்களுக்கும் தெம்பெலேக்களுக்கும் கேலி முறை. எதிராளியின் குலப்பெயரைக் கேட்ட கணமே திட்டியாக வேண்டும். திட்டாமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. திட்டு வாங்கியவர் கோபப்படக் கூடாது. ஆக, என் நாயகனும் நாயகியும் செய்தது சண்டை அல்ல, குசலம் விசாரிப்பு. நூறு பக்கத்துக்கு இழுக்க வேண்டிய பகை முதல் பக்கத்திலேயே செத்துவிட்டது.

(ஒரே கட்டில் பற்றி: முயன்றேன். வண்டி வழியில் நின்றுபோக, இருவரும் மஸ்ஸாரானின் அத்தை வீட்டில் தங்குகிறார்கள். கட்டில் ஒன்றுதான், சரி. ஆனால் பாய்கள் இருக்கின்றனவே! கட்டிலில் அத்தை ஏறிப் படுத்துக்கொண்டார். அந்த அத்தியாயம் குறட்டையில் முடிந்தது. கிழித்துப் போட்டேன்.)

3

பகை போகட்டும், காதலாவது வந்ததா? வந்தது. தினம் ஒரு மணி நேரம் ஒரே காரில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சந்தோஷமாகக் கேவலப்படுத்திக்கொண்டால் வராமல் என்ன செய்யும்? சிபிரிக்கு உரிமம் கிடைத்துவிட்டது. ஆனாலும் பிரேக் பிடிக்கச் சந்தேகம் இருக்கிறது என்று வகுப்புக்கு வந்துகொண்டே இருந்தான்.

ஒருநாள் ஆற்றங்கரைச் சாலையில் வண்டியை ஓரம் கட்டினான்.

"மஸ்ஸாரான், எனக்கு உன்ன ரொம்பப் புடிச்சிருக்கு. நெஜமா."

அவள் டாஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அடிமைய எஜமானுக்குப் புடிச்சிருக்காம்! மொதல்ல நியூட்ரலுக்கு வாடா, பயறு மூட்டை."

அவனும் சிரித்துவிட்டான்.

பாவி, நீ ஏன் சிரித்தாய்? அதை நான் எழுதவே இல்லை. அந்த இடத்தில் நீ வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்திருந்தால் என் நாவல் அங்கேயே முடிந்திருக்கும். (சிபிரியை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.)

மஸ்ஸாரான் வீட்டுக்குப் போய் அதையே வேடிக்கையாக அத்தையிடம் சொன்னாள். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சொல்லி முடித்தபோது அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் நிஜமாகச் சொல்லியிருந்தால் மறுநாள் மறுபடி சொல்லுவான் என்று காத்திருந்தாள். மறுநாள் அவன் பயந்துபோய், வழக்கத்தைவிட அதிகமாகவே திட்டினான்.

அந்த மாதம் துணி வியாபாரி லஸ்ஸினா சிஸ்ஸே வழக்கப்படி கோலாக்கொட்டை அனுப்பிப் பெண் கேட்டான். லஸ்ஸினா ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கும். மஸ்ஸாரான் சரி என்றாள்.

(லஸ்ஸினாவை வில்லனாக்கப் பார்த்தேன். கஞ்சன் என்று எழுதினேன், நிற்கவில்லை. குடிகாரன் என்று எழுதினேன், டீயைத் தாண்டி எதையும் தொட மாட்டேன் என்கிறான். தொல்லை பிடித்த நல்லவன்.)

4

இனி அந்த ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை, நகராட்சி மண்டபம். ஒரே அச்சுத் துணியில் பெண்கள், புகழ்பாடிகள், வெளியே மோட்டார் சைக்கிள் கூட்டம். மேயர் சட்டப்படி மாப்பிள்ளையைக் கேட்கிறார்: ஒரு மனைவியா, பல மனைவியா? "ஒருத்திதான்," என்கிறான் லஸ்ஸினா. குலவைச் சத்தம் கூரையைப் பிய்க்கிறது. மஸ்ஸாரான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்கிறாள்.

முதல் வரைவு. கதவைத் தள்ளிக்கொண்டு சிபிரி.

"நிறுத்துங்க! இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது!"

மண்டபம் குபீரென்று சிரித்தது. சிரிக்காமல்? எந்தக் கல்யாணத்திலும் கேலி முறைக்காரன் ஒருவன் வந்து, பெண் எங்கள் அடிமை, விலை வராமல் அனுப்ப மாட்டோம் என்று ரகளை செய்வதுதானே அழகு.

"வந்துட்டான்யா தெம்பெலே! என்னடா இன்னும் காணோமேன்னு பாத்தேன்," என்றார் அத்தை. யாரோ அவன் சட்டைப் பையில் ஐந்நூறு பிராங்கைத் திணித்தார்கள்.

இரண்டாம் வரைவு.

"நான் வெளையாடல! சத்தியமா இவளத்தான் நேசிக்கறேன்!"

சிரிப்பு இரண்டு மடங்கானது. லஸ்ஸினாவே எழுந்து வந்து கட்டிக்கொண்டான். "அசத்திட்டே மச்சான்! இருந்து சாப்ட்டுத்தான் போவணும், சொல்லிட்டேன்."

மூன்றாம் வரைவு. அவனை அழவிட்டேன்.

"கண்ணீரெல்லாம் வருது பாரேன்!" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவன ரேடியோ நாடகத்துல சேத்துவிடணும்டி."

பேனாவை வீசி எறிந்தேன். உண்மையைச் சொல்ல ஒருவனுக்கு இருப்பது ஒரே ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் ஊரே அவனுக்குக் கைதட்டுகிறது. ஹவாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"இதுக்கா இவ்ளோ கோபம்? பேர மாத்துங்க அக்கா. தெம்பெலே வேணாம், கேலி முறை இல்லாத சங்காரேன்னு போடுங்க. வேல முடிஞ்சுது."

அதையும் செய்து பார்த்தேன். சிபிரி சங்காரே வகுப்புக்கு வந்தான். வணக்கம் ஐயா, வணக்கம் மேடம், இடது காலால் மிதியுங்கள், நன்றி. இரண்டே வாரத்தில் உரிமம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவள் பெயரைக்கூட அவன் கேட்கவில்லை. தெம்பெலேயைத் திரும்பக் கூட்டி வந்தேன்.

5

மூன்றாம் வரைவை மறுபடி படித்தபோதுதான் கவனித்தேன். மண்டபத்தில் ஒருத்தி சிரிக்கவில்லை.

"குடு பதிலடி, மஸ்ஸாரான்!" என்கிறார் அத்தை. முறை அதுதான். தெம்பெலே திட்டினால் கொனே திருப்பித் திட்ட வேண்டும். அவள் திட்டிவிட்டால் சிபிரி சொன்னதெல்லாம் வேடிக்கையாகிவிடும். அவன் சோற்றுத் தட்டோடு மூலையில் உட்காருவான், அவள் கையெழுத்துப் போடுவாள்.

மஸ்ஸாரான் சிபிரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வாய் திறக்கவில்லை. தெம்பெலே ஒருவன் முன்னால் கொனே ஒருத்தி பேசாமல் நிற்பதை இந்த ஊர் பார்த்ததில்லை. முன்வரிசையில் சிரிப்பு நிற்கிறது. விவரம் புரியாத பின்வரிசை இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

லஸ்ஸினா அவள் பக்கம் குனிகிறான்.

"மஸ்ஸாரான்... அவன ஏதாவது திட்டேன்."

அவள் திரும்பவில்லை.

"ஒரே ஒரு வார்த்தை, மா. எல்லாரும் பாக்கறாங்க. நீ திட்டிரு, நான் சிரிச்சிடறேன்."

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். ஹவா முடிவு எங்கே, முடிவு எங்கே என்று செய்தி மேல் செய்தி அனுப்புகிறாள், அனுப்பட்டும். வேடிக்கைக் கதை கேட்டார்கள், எழுதினேன். இப்படி ஒரு நல்ல மனிதன் இப்படிக் கெஞ்சுவான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்கு எரிச்சலாக இருக்கிறது, அழுகையும் வருகிறது. மேயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளியே அடுத்த ஜோடி காத்திருக்கிறது.

அவளுக்காக நீங்கள் திட்டுங்கள். எந்த வார்த்தையானாலும் சரி, கல்யாணம் நடந்துவிடும். உங்களுக்கும் வாய் வரவில்லையென்றால், லஸ்ஸினாவின் தோளைத் தொட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.