வெளிச்சத்தை முந்திய விரல்

ருவான்வெல்லைக் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிறவர் யோகராஜ். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கல்யாணம் என்றால் அவருடைய இசைக்குழுதான் போகும். அதில் டிரம்ஸ் அடிப்பவரும் அவரேதான். இருபது வருஷம் அடித்த கை என்று சொல்லிக்கொள்வார், யாரும் கேட்காவிட்டாலும்.

அன்று காலையிலிருந்து அடைமழை. மழை நாளில் இறப்பர் மரத்தில் பால் வெட்ட மாட்டார்கள், ஆகவே கோகிலா தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான் இருப்பாள் என்று குடையோடு கிளம்பினார். பால் வெட்டும் அந்தப் பெண் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்க வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு நீ வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு வரத்தான் இந்தப் பயணம்.

காரணம், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. துள்ளலான பைலாப் பாட்டு ஒன்றின் கடைசியில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து, பேஸும் டிரம்ஸும் மட்டும் தலைதெறிக்க ஓடும் இடம் ஒன்று வரும். மூன்று முறை வாசித்தும் மூன்று முறையும் அங்கே குழம்பிப்போனது. "ஒன் கை பின்னுக்கு இழுக்குது கோகிலா" என்றார் யோகராஜ். புதிதாக வந்தவள் தலையில் பழியைப் போடுவது சுலபம்தானே. அவளும் "சரிண்ணே, இன்னும் வாசிச்சுப் பழகுறேன்" என்று தலையை ஆட்டினாள். அவரோ அன்று மாலையே பேஸ் வாசிக்கும் மாவனல்லை அப்ஹமைப் பிடித்துச் சனிக்கிழமைக்குப் பேசி முடித்துவிட்டார்.

கதவு திறந்திருந்தது. வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டார். தகரக் கூரையில் மழை போட்ட சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. உள்ளே கோகிலா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி இல்லை. அதிர்வு மரத்தில் ஏறட்டும் என்று கிட்டாரின் தலையை மர அலுமாரியில் முட்டவைத்திருந்தாள். எதிரே செல்போன், தாளக் கணக்குக்கு அதில் ஒரு வெளிச்சம் விட்டுவிட்டு மினுக்கியது.

சத்தம் கேட்காததால் யோகராஜுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பார்க்கப் பார்க்க, வந்த வேலை மறந்துபோனது.

ஒரு மினுக்கலுக்கு மூன்று சுரம், மீட்டுவதோ இரண்டே விரல். முதல் தட்டை ஆள்காட்டி விரல் தொடங்கினால் அடுத்ததை நடுவிரல் தொடங்கவேண்டும். பேர்போன ஆட்களே அங்கேதான் தடுக்கி விழுவார்கள். இவள் விரல்களில் எது மூத்தது எது இளையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெறுமனே தொட்டு எடுத்தாள். இடது கை கம்பியை அழுத்தியது. அடுத்த சுரம் வருமுன் முந்தையதை அணைத்தது. திடீரென்று தலையை ஆட்டி நிறுத்தினாள். என்ன பிழை என்று அவருக்குப் புரியவேயில்லை. அவள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, முதலிலிருந்து தொடங்கி, மூன்று தடவை சுத்தமாக வந்த பிறகுதான் பழைய வேகத்துக்கு ஏறினாள். அடேயப்பா, என்ன பொறுமை!

மெல்ல உள்ளே போய் அலுமாரியில் உள்ளங்கையை வைத்தார். அந்தச் சுரங்கள் பலகை வழியாக அவர் கைக்கு வந்தன. எல்லாம் ஒரே கனம், ஒரே இடைவெளி. டிரம்ஸ்காரர் கை சும்மா இருக்குமா? மறு கையால் தொடையில் தட்டத் தொடங்கினார். பாட்டின் அந்த ஓட்டம் வந்தது. அவருடைய தட்டு ஒரு பக்கமும் பலகையின் அதிர்வு ஒரு பக்கமுமாகப் பிரிந்தன.

"பாரு, இழுக்குறா" என்று நினைத்தபடி செல்போனைப் பார்த்தவர் அப்படியே உறைந்துபோனார். அவள் விரல் வெளிச்சத்தோடு வந்தது. அவருடைய தட்டுதான் வெளிச்சத்துக்கு முன்னால் ஓடியது. மறுபடி தட்டிப் பார்த்தார். மறுபடியும் அவர்தான் முந்தினார். இருபது வருஷப் பெருமை அந்த லயத்து அறையில் மூக்குடைந்து நின்றது. வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிட, அந்த விரல்கள் மீது மரியாதைதான் பொங்கியது.

கோகிலா திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஐயோ, யோகண்ணே! எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்." மழைக்கு மேலாகக் கத்தவேண்டியிருந்தது. "ஞாயித்துக்கெழம ஓடுனது நான்தான். நீ இழுக்கல."

அவள் கிட்டாரைப் பார்த்துக்கொண்டாள். "எனக்குச் சந்தேகமா இருந்துச்சுண்ணே. ஆனா நீங்க இருவது வருஷம் அடிக்கிறவரு. தப்பு ஏங்கிட்டத்தான் இருக்கும்னு நெனச்சுதான், நாலு நாளா இந்த வெளிச்சத்த வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

யோகராஜ் அங்கேயே அப்ஹமுக்குப் போன் போட்டார். "தம்பி, மன்னிச்சுக்க. சனிக்கெழம நீ வரத் தேவல்ல. பேஸுக்கு ஆளிருக்கு." எதிர்முனையில் என்ன கேட்டானோ, "டிரம்ஸுக்குத்தான் ஆள் தேடணும் போல" என்று சொல்லி வைத்தார்.

கோகிலாவின் முகம் மாறியது. தனக்குத் தெரியாமல் தன் இடத்துக்கு வேறொருவர் பேசி வைக்கப்பட்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஏன் என்று அவள் கேட்டிருந்தாலாவது அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நாளன்னைக்குக் கல்யாணம்" என்றார் அவர். "வேகத்தக் கொறச்சு வையி. எனக்குத்தான்."

அவள் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள். செல்போனையும் அவர் கண்ணுக்குத் தெரியும்படி திருப்பி வைத்தாள். "சரி. நிமிஷத்துக்கு அறுபது தட்டுல ஆரம்பிப்போம்ணே."

மூன்றாவது தட்டிலேயே அவர் முந்திவிட்டார். கோகிலா நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கினாள்.