முன்னாடி இருந்தது

காரைத் தூக்கிக்கொண்டு போக பத்து மணிக்கு ஆள் வருகிறான் என்று கணவர் சொன்னபோது அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை. உடனே சண்டை போட முடியவில்லை. வாய் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் மனுஷன் ஷெட்டுக்குள் புகுந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே தந்திரம் அது.

முகத்தைத் துடைத்த துண்டோடு அவளும் பின்னாலேயே போனாள்.

"யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க?"

"யாரைக் கேக்கணும்? ஓடாத வண்டி. இன்ஜினையே முழுசா இறக்கிப் பிரிக்கணும். என்னால முடியாது." அவர் அவளைப் பார்க்காமல் ஸ்பானர்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். "அலமாரியில இருக்கற உதிரியெல்லாம் ஒரு பெட்டியில போடு. வண்டியோட சேர்த்துக் குடுத்துரலாம்."

தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்: கார்ப் பைத்தியம் அவருக்கு, அவஸ்தை அவளுக்கு. அவளுடைய அண்ணன் அதை வாய்விட்டே சொல்வார். ஆனால் நிஜம் வேறு. அவர் ஒரு இயந்திரக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவராக இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். ஸ்கேல்களையும் பென்சில்களையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், அதற்குப் பிறகு ஆறு மாதம் 'ம்', 'சரி', 'வேணாம்' என்ற மூன்று வார்த்தைகளிலேயே குடும்பம் நடத்தினார். மகள் விடுதியிலிருந்து போன் செய்தால்கூட அவளுக்கும் அதே மூன்றுதான்.

பிறகு எங்கிருந்தோ இந்த நாற்பது வயது காரைக் கட்டி இழுத்து வந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை விளக்குப் பிடிக்கத்தான் அவள் ஷெட்டுக்குள் போனாள். பானெட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தார். கம்பெனி மூடியபோது எவ்வளவு பயந்தார் என்று சொன்னார். மகளை விடுதியில் விட்டுவிட்டு வந்த அன்று குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுததைச் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் அவர் இன்ஜினைப் பார்த்துச் சொன்னார். அவளும் இன்ஜினைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை.

இப்போது கார் போகிறது என்றால் அவளுக்குப் போவது கார் மட்டுமல்ல. அந்த மூன்று வார்த்தைகள் திரும்ப வந்து வீட்டில் உட்கார்ந்துகொள்ளும். 

கோளாறு இதுதான். போன மாதம் இன்ஜினின் தலைப்பகுதியைக் கழற்றி, நடுவில் கசிவைத் தடுக்கிற கேஸ்கெட்டை மாற்றி, திரும்பப் பூட்டினார்கள். வண்டி ஒரே சாவியில் உயிர் பெற்றது. மூன்று நிமிஷம் சந்தோஷம். அதற்குப் பிறகு மேலே 'டிக் டிக்' என்று ஆரம்பித்த சத்தம், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினது போல ஆகிவிட்டது. மேல் மூடியைத் திறந்து பார்த்தால், வால்வுகளை அமுக்கும் ராக்கர் கைகள் வரிசையாக, சொட்டு ஆயில் இல்லாமல் காய்ந்து கிடந்தன. கீழே ஆயில் இருக்கிறது, அழுத்தம் சரியாக இருக்கிறது, மேலே மட்டும் ஏறவில்லை. உள்ளே வழி எங்கேயோ அடைத்துவிட்டது என்று முடிவு கட்டி அவர் கையை உதறிவிட்டார்.

அவள் அலமாரி முன் நின்றாள். அதில் இருந்தவை எல்லாம் மாத்திரை பாட்டில்கள். அவள் மருந்துக் கடையில் மருந்தாளுநர். காலியான பாட்டில்களைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவருவாள். அவர் கழற்றிக் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் பாட்டிலில் போட்டு, கடையில் ஒட்டுவது போலவே சீட்டு எழுதி ஒட்டுவாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன்.

"மாப்ளே! மகாராணிக்கு இன்னிக்குப் பிரியாவிடையாமே? அதான் ஓடி வந்தேன். வாழ்நாள்ல முதல் தடவையா அது தெருவுல போறதைப் பார்க்கணும்ல!"

"வாங்க மச்சான்" என்றார் அவர், சுரத்தே இல்லாமல்.

"நான் அப்பவே சொன்னேன். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல். இந்த அம்மாவுக்கு ஆடவே தெரியாது, நீங்க மேடையைச் செப்பனிட்டுக்கிட்டே இருக்கீங்க."

"அண்ணே, வந்ததும் வராததுமா வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்றாள் அவள். "இந்தப் பெட்டியைப் பிடி."

அண்ணன் பெட்டியைப் பிடிக்க, அவள் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். பெரும்பாலும் காலி. போன மாதம் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியாகிவிட்டதே. ஒரு பாட்டில் மட்டும் கையில் கனத்தது. ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு போல்ட் 'களக்' என்றது.

"என்னங்க, இதை ஏன் பூட்டல?"

அவர் எட்டிப் பார்த்தார். "அது ராக்கர் வரிசையைப் பிடிக்கற நாலு போல்ட்டுல ஒண்ணு. பழசு, தேஞ்சு போச்சு. புதுசு வாங்கிப் போட்டுட்டேன்."

"பழசுன்னு யார் சொன்னா?"

"நீதான் எழுதி ஒட்டியிருக்கே. படிச்சுப் பாரு."

அவள் சீட்டைப் படித்தாள். அவளுடைய கையெழுத்துதான், சந்தேகமில்லை. 'ராக்கர் – முன்னாடி இருந்தது.'

"ஆமா, முன்னாடி இருந்ததுதான்."

"அதைத்தானே நானும் சொல்றேன். முன்னாடி இருந்தது. இப்ப புதுசு இருக்கு."

 அவள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் காரின் மூக்குக்கு நேரே நின்றாள். கையை நீட்டி இன்ஜினின் முன் முனையைத் தொட்டாள்.

"முன்னாடின்னா, இங்க. முன்பக்கம். முன்னாடி இருந்த போல்ட்."

அவர் ஸ்பானர் சுருளைக் கீழே வைத்தார்.

"அப்ப மத்த மூணுக்கும் ஏன் எழுதல?" அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"மத்த மூணும் ஒரே மாதிரி இருந்துச்சு. ஒரே பாட்டில்ல போட்டேன். இது மட்டும் வேற மாதிரி இருந்துச்சு, அதனால தனியா போட்டேன்."

"முன்பக்கம்னு எழுத வேண்டியதுதானே!"

"நீங்க கேட்க வேண்டியதுதானே!"

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். "ஏம்மா, நீ கடையிலயும் இப்படித்தான் எழுதுவியா? 'சாப்பாட்டுக்கு முன்னாடி'ன்னு எழுதினா, நான் தட்டுக்கு முன்னாடி மாத்திரையை வெச்சு வேடிக்கை பாக்கணுமா?"

கணவர் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் திறந்து போல்ட்டை உள்ளங்கையில் கவிழ்த்தார். தலையும் மரையும் சாதாரணமாகத்தான் இருந்தன. நடுவில் மட்டும் இடுப்பு ஒடுங்கியிருந்தது.

"இதைப் பாரு. தேஞ்சிருக்கா இல்லையா?"

அவள் வாங்கி, விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தாள். தினமும் நூறு மாத்திரை எண்ணுகிற விரல்கள். "தேஞ்சா ஒரு பக்கமாத்தானே தேயும்? இது சுத்திலும் ஒரே அளவா இருக்கே. யாரோ வேணும்னே இப்படிக் கடைஞ்சு வெச்சிருக்காங்க."

அவர் போல்ட்டைத் திரும்ப வாங்கிச் சுற்றிப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த பென்சிலை எடுத்தார். பெட்டியிலிருந்து ஒரு அட்டையைக் கிழித்து அதில் ஒரு துளை வரைந்தார், துளைக்குள் ஒரு போல்ட் வரைந்தார். பிறகு அந்தப் போல்ட்டின் இடுப்பை அழித்து மெலிதாக்கினார். இரண்டு பக்கமும் சந்து விழுந்தது. அந்தச் சந்தில் கீழிருந்து மேலாக ஒரு அம்புக்குறி போட்டார்.

"ஆயில் இதைச் சுத்தித்தான் மேல ஏறணும்" என்றார் மெதுவாக. "இதுதான் வழி. நான் தடிமனா புதுசு ஒண்ணைப் போட்டு வழியை அடைச்சு வெச்சிருக்கேன். உள்ளே எந்த அடைப்பும் இல்ல. நானேதான் அடைப்பு."

"மணி எட்டே முக்கால்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, நேரமில்லை. அவர் மேல் மூடியைக் கழற்றினார். நான்கு போல்ட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறித் தளர்த்தினார். அவள் புதுப் போல்ட்டை வாங்கிக்கொண்டு இடுப்பு ஒடுங்கியதைத் துடைத்துக் கொடுத்தாள். அண்ணன் டார்ச் அடித்தார். ஆனால் வெளிச்சம் பாதி நேரம் கூரையில் இருந்தது.

"மச்சான், இன்ஜின் கீழ இருக்கு."

"பல்லி ஒண்ணு போச்சு மாப்ளே. மகாராணி வீட்டுல குடியிருக்கற பல்லி."

கடைசிப் போல்ட்டை அவர் முறுக்கினார். ரென்ச்சின் பிடியில் அவளும் கை வைத்தாள். குறித்த இறுக்கம் வந்ததும் ரென்ச் 'க்ளிக்' என்றது. வால்வு இடைவெளிகளை மெல்லிய தகட்டால் ஒவ்வொன்றாக அளந்து முடித்தபோது பத்துக்கு ஐந்து நிமிஷம்தான் இருந்தது.

மூடியைப் போடாமலே வண்டியைக் கிளப்பச் சொன்னார். அவள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. 'டிக் டிக் டிக்.' அவர் அசையாமல் குனிந்து நின்றார். ஒரு நிமிஷம் ஆனது. சத்தம் குறையவில்லை. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது முதல் ராக்கரின் ஓரத்தில் ஒரு பளபளப்பு எழுந்தது. ஒரு துளி. அது வழிந்து அடுத்ததை நனைத்தது, பிறகு அதற்கடுத்ததை. 'டிக் டிக்' சத்தம் மெதுவாகி, மங்கி, கடைசியில் தையல் மெஷின் சத்தம்போல ஒரே சீராக அடங்கியது. அவர் நிமிர்ந்தார். மூக்கில் ஆயில் தெறித்திருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"ஏறிருச்சு" என்றார். "ஏறிருச்சுடி!"

அண்ணனுக்கு முன்னால் அவர் அவளை 'டி' போட்டதே இல்லை. அண்ணன் நல்ல மனுஷன், சட்டென்று கூரையில் பல்லியைத் தேட ஆரம்பித்தார்.

வாசலில் லாரி வந்து நின்றது. கொக்கியும் சங்கிலியுமாக இறங்கி வந்த லாரிக்காரர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தானே ஓடுது? இதையா தூக்கச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்" என்றார் அவர். "ஆனா வீட்டுல கேக்காம சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே."

"வாரத்துக்கு ரெண்டு வீட்டுல இதே கதைதான்" என்றார் லாரிக்காரர். "புருஷன் பொண்டாட்டி ஒரே பேச்சா இருந்தா என் பொழப்பு எவ்வளவோ சுலபம்."

"வந்ததுக்கு ஒரு உதவி பண்ணுங்க. லாரியைக் கொஞ்சம் நகர்த்துங்க. வண்டி வெளியே வரணும்."

மூடியைப் பூட்டி, கையைத் துடைத்துக்கொண்டு அவர் ஏறி உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணனும் லாரிக்காரரும் இரண்டு பக்கமும் நின்று, ஒருவர் 'வா வா' என்றும் மற்றவர் 'நில்லு நில்லு' என்றும் ஒரே நேரத்தில் கத்த, கார் பின்னோக்கி நகர்ந்து தெருவில் இறங்கியது.

இரண்டாவது கியர் முரண்டு பிடித்தது. பிரேக் கீச்சிட்டது. அவள் பக்கத்துக் கண்ணாடி பாதியோடு இறங்க மறுத்தது. தெருமுனை தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில வரைபடம் சொல்லிக் குடுக்க ஆள் வேணுமாம்" என்றார், எதிரே இருந்த சாலையைப் பார்த்தபடி. "விண்ணப்பம் எழுதி வெச்சு ரெண்டு வாரமாச்சு. அனுப்பல. உன்கிட்டயும் சொல்லல."

"ஏன்?" என்றாள் அவளும் சாலையைப் பார்த்தே.

"இந்த வண்டியையே சரி பண்ண முடியல, புள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கப் போறேன்னு தோணுச்சு. இப்ப... நாளைக்கு அனுப்பிரலாம்னு பாக்கறேன். அதுல ஒரு கேள்வி இருக்கு, நீ கொஞ்சம் கேளு..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய வளைவு வந்தது, அதையும் கடந்தார். அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள், ஆனால் சொல்லவில்லை.