பச்சோந்திக்குக் கொடுத்த கறிவேப்பிலை மரம்

யேர்மனியில், கொலோன் நகரில் ரஞ்சினியின் கறிவேப்பிலை மரத்தைத் தெரியாத தமிழ்ச் சனம் இல்லை. சாடியில் நிற்கிற மரம்தான். ஆனால் அதில் ஒரு இலையைக் கிள்ளினால் றைன் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறவனுக்கும் பசிக்கும் என்று அவள் புருசன் தம்பித்துரை சொல்லுவார். ஒருநாள் தாளித்த வாசத்துக்குத் தீயணைப்பு வண்டி வந்தது, வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள் என்றும் சொல்லுவார். வண்டி வந்தது உண்மை. மேல் வீட்டுக்காரன் அடுப்பில் பாண் துண்டைக் கருக்கியிருந்தான்.

குளிர் தொடங்கினால் மரம் பல்கனியிலிருந்து ஹோலுக்குள் வரும். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு கோப்பை தண்ணீர், அதுவும் ரஞ்சினியின் கையால். அந்த மார்கழியில் தங்கச்சி மகளின் பிள்ளைப்பேற்றுக்கு இலண்டனுக்குப் புறப்பட்டபோது, ஒரு கோப்பைக்கு மேல் கூட்ட வேண்டாம் என்று படியிறங்கும்வரை சொல்லிக்கொண்டு போனாள்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்த தம்பித்துரைக்கு வீட்டில் கதை கேட்க ஆளில்லை. ஒரு பச்சோந்தி வளர்த்தால் என்ன என்று யோசித்தார். டெலிபோனில் கேட்டபோது, சமைக்கிற குசினிக்குள் வராவிட்டால் சரி என்றாள் ரஞ்சினி.

பிராணிக் கடை எமில், பெண் கொடுக்கிறவர் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதுபோல் விசாரித்தான். முதலில் கூடு, பிறகுதான் பச்சோந்தி என்றான். கண்ணாடித் தொட்டி கூடாது, அதில் தெரிகிற தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துக் கறுத்துப்போகும். காற்று ஓடுகிற உயரமான வலைக்கூடு வேண்டும். அதையும் மேசைமேல் வைக்க வேண்டும், ஆட்கள் தனக்கு மேலே நின்றால் அதற்குப் பயம். வெயில் காய ஒரு விளக்கு, எலும்பு உறுதிக்கு இன்னொரு விளக்கு. கிண்ணத்துத் தண்ணீரை அது திரும்பியும் பார்க்காது. இலையில் நிற்கிற துளியைத்தான் நக்கும். ஆகையால் உள்ளே உயிருள்ள செடி வேண்டும், அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டும். அதற்கென்று ஒரு பிக்குஸ் செடியையும் எடுத்து வைத்தான்.

தம்பித்துரை அதை மட்டும் வாங்கவில்லை. வீட்டில் ராசா மாதிரி ஒரு மரம் நிற்கக் கடைச் செடி எதற்கு? மரத்தைச் சாடியோடு தூக்கிக் கூட்டுக்குள் வைத்தார்.

பச்சோந்தி சொந்தக் காணிக்கு வந்த ஆள்போல அதில் ஏறி இருந்தது. அவர் தெளித்தார். அது நக்கியது. அந்தச் சந்தோசத்தில் மறுபடியும் தெளித்தார். கோப்பைக் கணக்கில் அவர் ஒரு சொட்டும் கூட்டவில்லை, தெளித்தது பச்சோந்திக்குத்தானே.

ரஞ்சினி திரும்புகிற நேரம் மரம் மஞ்சளாகி இலை கொட்டத் தொடங்கியிருந்தது. தம்பித்துரை எமிலிடம் ஓடிப்போய் அந்தப் பிக்குஸை வாங்கிவந்து கூட்டுக்குள் வைத்தார். மரத்தைப் பழைய மூலையில் விட்டு, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினார். ரஞ்சினி கேட்டபோது, குளிர் என்றார்.

அவள் மரத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினாள்.

"குளிர் இல்லை. நான் போகமுதல் கீழ்வீட்டு யோசப்பீன் அக்கா ஒரு நெட்டு கறிவேப்பிலை கேட்டவ. வெட்டியாச்சு, இல்லை எண்டு சொன்னனான். மரம் எனக்குப் பின்னாலை நிறைஞ்சு நிக்குது. அந்த மனுசி பாத்துக்கொண்டு நிண்டது. அவவின்ரை மனம் எரிஞ்சதுதான் இது."

மிச்சமிருந்த பச்சை நெட்டை முறித்துக்கொண்டு கீழே போனாள். தம்பித்துரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான் செய்தார்.

போனவள் கண் சிவந்து, ஒரு பெட்டி நத்தார்ப் பண்டிகைக் கேக்கோடு வந்தாள். அவருக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். கூட்டுக்குள் பச்சோந்தி ஒரு கண்ணால் ரஞ்சினியையும் மற்றக் கண்ணால் அவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அது நிறம் மாறவில்லை. வெளியே இருந்தவர்தான் கறுத்தார்.

"இஞ்சேர் ரஞ்சினி. மரம் பட்டது யோசப்பீன் அக்காவாலை இல்லை. மரம் இந்தக் கூட்டுக்குள்ளை நிண்டது. நான்தான் தண்ணி தெளிச்சனான்."

"எத்தினை தரம்?"

"தாகமாய் இருக்கிறமாதிரித் தெரிஞ்சால் தெளிப்பன்."

"மரத்துக்கோ?"

"ஓணானுக்கு."

ரஞ்சினி கேக் பெட்டியை மூடினாள்.

"நான் அவவுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன், பொய் சொன்னனான் எண்டு. இனி அதைத் திருப்பி வாங்க ஏலுமோ?"

"நானும் போய்ச் சொல்லுறன்."

"ஓம், போங்கோ. இந்தப் பெட்டியையும் கொண்டு போங்கோ. வெறுங்கையோடை போனால் இன்னொண்டு தருவா."

பெட்டியோடு போனார். இரண்டு பெட்டியோடு வந்தார். அதற்குள் ரஞ்சினி மரத்தைப் பிடுங்கி, அழுகின வேரை வெட்டி, காய்ந்த மண்ணில் நட்டு, தண்டையும் முழங்கை உயரத்துக்குக் குறைத்துவிட்டிருந்தாள். பச்சோந்தியின் விளக்குச் சூடு படுகிற பக்கமாக, கூட்டுக்கு வெளியே அந்த மொட்டைத் தடி நின்றது.

இப்போது தம்பித்துரை ஒரு கையால் தெளிக்கும்போது மற்றக் கையால் நடுவில் துவாய்த் துணியைப் பிடிக்கிறார். ஒரு சொட்டும் தடியில் படக்கூடாது. கேட்கிறவர்களுக்குப் பச்சோந்தி ஒரு கண்ணால் தடியையும் மற்றக் கண்ணால் தண்ணீர் தெளிக்கிற தன்னையும் காவல் காக்கிறது என்று சொல்லுவார். அவர் சொல்லுவதில் அது பொய்யில்லை.

கிழமைக்கு ஒருமுறை ரஞ்சினி வந்து தடியின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பார்ப்பாள். உள்ளே பச்சை தெரிந்தால் ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போவாள். இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.